ஆபீஸ் வேலைக்குச் சொந்தக் கார்: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மருந்து கம்பெனியில் ரெப். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், வாரம் இரண்டு நாள் புதுச்சேரி என்று எல்லாம் என் சொந்தக் காரில்தான். கம்பெனி கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் காசு தருகிறது. "ஆபீஸ் வேலைக்கு ஓட்டும்போது இடிச்சா இன்சூரன்ஸ் வராது" என்று கூட வேலை பார்ப்பவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: அவர் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். டாஷ்போர்டில் மடித்து வைத்திருக்கும் பாலிசியை எடுங்கள். பிரீமியம் கணக்கை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்று இருக்கும் பத்தியைத் தேடுங்கள். எந்தக் கம்பெனி பாலிசியானாலும் சொந்தக் காருக்கு அநேகமாக ஒரே வாசகம்தான்: வாடகைக்கு ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது, பந்தயத்துக்கு விடக்கூடாது, வண்டி வியாபாரம் சம்பந்தமான வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. மற்றபடி எதற்கும் ஓட்டலாம். ஆபீஸ் வேலை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. சரக்கு கூடாது என்கிற இடத்திலும் சாம்பிளுக்கும் சொந்த லக்கேஜுக்கும் விலக்கு உண்டு. உங்களை நினைத்தே எழுதினது போல இருக்கும்!

ஆனால் மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது, "வழியிலதானே, ஸ்டாக்கிஸ்ட் கடையில இந்த நாலு பெட்டியைப் போட்டுட்டுப் போயிடுங்க" என்று மேனேஜர் சொல்வார் இல்லையா, அங்கேதான் வம்பு. டிக்கியில் பில்லோடு இருக்கும் பெட்டி சாம்பிள் அல்ல, சரக்கு. விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பம்பரை மட்டும் பார்ப்பதில்லை. எங்கிருந்து எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்றும் கேட்பார். அதில் பொய் சொல்லி மாட்டினால் நியாயமாக வரவேண்டிய கிளெய்மும் போய்விடும். பெட்டிகளை டிரான்ஸ்போர்ட்டில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெட்ரோல் காசைப் பற்றிக் கவலை வேண்டாம்; அது செலவுக்கு ஈடு, வாடகை ஆகாது. காரையே மாத வாடகைக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் கதை வேறு. அப்புறம், உங்களிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா, முழு பேக்கேஜா என்றும் பாருங்கள். தேர்ட் பார்ட்டி என்றால் உங்கள் காரின் சேதத்துக்கு எந்த வேலையாகப் போயிருந்தாலும் காசு வராது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். நாளெல்லாம் ரோட்டில் இருப்பவர் நீங்கள்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டை. சனி, ஞாயிறுகளில் என் மகன் எங்கள் ஓன் போர்டு காரில் தெரிந்தவர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுக் காசு வாங்குகிறான். "தெரிஞ்சவங்கதானேப்பா" என்கிறான். ஏதாவது ஆனால்?

பதில்: தெரிந்தவரிடம் வாங்கினாலும் வாடகை வாடகைதான். பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் விழலாம். அதைவிடப் பெரிய சுமை, எதிரே வந்தவருக்கு அடிபட்டால் வரும். பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்வதுண்டு. ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால் மகன் ஓட்டியதற்கு நீங்கள் கட்ட வேண்டிவரும்.

சொந்த வண்டியின் சேதத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. இப்படி வாடகைக்கு ஓடிய சொந்தக் கார்களின் வழக்குகளில் 2008-லும் 2010-லும் உச்ச நீதிமன்றம் முழுசாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அதை நம்பி வண்டியை எடுக்க வேண்டாம். அந்த 75-ஐ வாங்க அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கிளெய்மை ஒரேயடியாக மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருடம் தாண்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: வில்லியனூரில் வீட்டிலேயே கேக் செய்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும்மா. டூவீலர் பாலிசியிலும் அதே பத்தி இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் விற்பனைக்குப் போகும் கேக்கும் சரக்குதான். ஒரு டப்பாவுக்காகக் கிளெய்மை நிறுத்துவார்களா என்பது சர்வேயரைப் பொறுத்தது. ஏஜென்ட் போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பார், அதோடு விடாதீர்கள். என்ன ஏற்றுகிறீர்கள், வாரம் எத்தனை டெலிவரி என்று கம்பெனிக்கே மெயில் போடுங்கள். வரும் பதிலை பிரிண்ட் எடுத்துப் பாலிசியோடு வையுங்கள்.