மும்பையின் பழைய வீடுகளும் மின் வயரிங்கும்: கேள்வி பதில்

மும்பையின் பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு, வீட்டு வயரிங் வேலையில் பழுத்த அனுபவமுள்ள ஒருவர் தரும் பதில்கள்.

மாட்டுங்கா: எங்கள் கட்டடம் மிகப் பழையது. மரச்சட்டத்தின் மேல் ஓடும் வயரிங் இன்னும் வேலை செய்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டும் அம்மா. விளக்கு எரிகிறது என்பதற்காக வயர் நன்றாக இருப்பதாக எண்ணாதீர்கள். அந்தக் காலத்து வயரில் கம்பியைச் சுற்றியிருப்பது ரப்பர். நாளடைவில் அது வறண்டு, வெடித்து, தொட்டாலே உதிரும். நாலைந்து விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு வானொலி ஆகியவற்றுக்காகப் போட்ட வயர் அது. இன்று 2 கிலோவாட் கீசர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து வயரின் மேலுறை நன்றாக இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்களே போர்டைக் கழற்ற வேண்டாம். வயரை வளைத்தால் மிச்சமிருக்கும் ரப்பரும் கொட்டிவிடும்.

செம்பூர்: பியூஸ் அடிக்கடி போனது. தடித்த கம்பி போட்டபின் தொல்லை இல்லை. சரிதானே?

படித்ததும் பதறிவிட்டேன். இன்றே அந்தக் கம்பியை எடுக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் வயர் எரியாமல் இருக்கத்தான் பியூஸ் உருகுகிறது. தடித்த கம்பி இருந்தால் பியூஸ் உருகாது, வயர்தான் உருகும்.

தாராவி: எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மாட்டிவிட்டேன். இனி ஷாக் அடிக்காதல்லவா?

அடிக்கும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எம்.சி.பி. காப்பது வயரை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் உடலில் பாய்வதே தெரியாது. மனிதரைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்புக் கருவி. வீட்டுக்குள் போகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண நேரத்தில் துண்டித்துவிடும். பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டையும் ஒருசேரத் தொட்டால் மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது.

பழைய வீடுகளில், அதுவும் மழைக்காலத்தில் சுவர் ஊறியிருக்கும்போது, ஆர்.சி.சி.பி. அடிக்கடி தானே அணைந்துவிடும். "கருவி சரியில்லை" என்று கழற்றிப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கோ மின்சாரம் கசிகிறது, அதைத் தேடுங்கள். சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சயான்: வீட்டில் எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் வயர்) இல்லை. குளிர்பதனப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டலாமா?

கூடவே கூடாது. உங்கள் வீட்டுக் கசிவு, மாடியில் குளிப்பவரின் குழாயில் ஏறும். பிளக் பாயின்டில் எர்த்தையும் நியூட்ரலையும் இணைப்பதும் ஆபத்து. நியூட்ரல் அறுந்தால் பெட்டியின் உடலில் 230 வோல்ட் வந்து நிற்கும். முறையான எர்த் வரும்வரை அந்தப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

தாதர்: பகடி வீடு (பெரிய முன்பணம் கொடுத்து, குறைந்த வாடகையில் குடியிருப்பது). உரிமையாளர் செலவு செய்யமாட்டார். எதை முதலில் செய்வது?

முதலில் ஆர்.சி.சி.பி. அடுத்து, கீசருக்கும் ஏ.சி.க்கும் எர்த்துடன் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர். மற்ற பிளக்குகளுக்கு 2.5, விளக்குகளுக்கு 1.5 போதும். வயரில் ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள பொது மீட்டர் அறையைச் சீர்செய்வது தனி ஒருவரால் ஆகாத வேலை. எல்லாக் குடித்தனக்காரர்களும் கையெழுத்திட்டு உரிமையாளருக்குக் கடிதம் கொடுங்கள்.