கியூக்கன்ஹாஃப் டூலிப் தோட்டம்: ஒருநாள் போய்வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

நெதர்லாந்தின் லிஸ்ஸ ஊரில் இருக்கும் கியூக்கன்ஹாஃப் மலர்க் கண்காட்சிக்குப் போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும், கிழங்குச் செடிகள் வளர்க்கத் தெரிந்த அக்கா ஒருவர் தந்த பதில்களும்.

ஐந்தோவனிலிருந்து: ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் அக்கா. ஏப்ரல் முதல் வாரமா, கடைசி வாரமா?

இரண்டும் வேண்டாம், நடுவில் போங்க. தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை சுமார் எட்டு வாரம்தான் திறந்திருக்கும். முதலில் குரோக்கஸ், பிறகு டாஃபடில், ஹயசிந்த், அதன்பின் டூலிப் என்று வரிசையாக வரும். பெரும்பாலான வருஷங்களில் ஏப்ரல் 12 முதல் 25 வரை டூலிப் உச்சத்தில் இருக்கும். வசந்தம் குளிராக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

பலர் ஏமாறுவது தோட்டத்துக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாததால்தான். தோட்டத்துக்குள் கடைசி நாள் வரை பூ இருக்கும். சுற்றியுள்ள வயல்களில் அப்படி இல்லை. விவசாயி அங்கே பூவுக்காகப் பயிரிடவில்லை, கிழங்குக்காகப் பயிரிடுகிறார். பூ விரிந்ததும் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார்கள். இதழில் தாறுமாறாகக் கீற்று விழுந்திருந்தால் அது வைரஸ், அந்தச் செடியைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அது முடிந்ததும் இயந்திரம் பூத்தலைகளைக் கொய்துவிடும். விதைக்குப் போகவேண்டிய சத்து கிழங்கில் சேரத்தான் இது. நேற்று சிவப்பாக இருந்த வயல் இன்று வெறும் பச்சையாக நிற்கும். வயலும் பார்க்கவேண்டும் என்றால் மே மாதத்தை நம்பாதீங்க.

செவ்வாய், புதன் நல்லது. ஈஸ்டர் நாட்களையும் ஏப்ரல் 27 அரசர் தினத்தையும் தவிருங்கள். நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை மலர் ஊர்வலம் போகும் ஏப்ரல் சனிக்கிழமையில் லிஸ்ஸ பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஊர்வலத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் மட்டும் அன்று வாங்க.

ஆம்ஸ்டெல்வேனிலிருந்து: ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. குழந்தையும் தள்ளுவண்டியில். முடியுமா?

தாராளமாக முடியும். பாதைகள் பெரும்பாலும் சமதளம். சக்கர நாற்காலி அங்கேயே கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து 858, லைடனிலிருந்து 854, ஆம்ஸ்டர்டாம் ராய் (RAI) நிலையம் பக்கமிருந்து 852 பேருந்துகள் வாசலுக்கே வரும். பேருந்தும் நுழைவும் சேர்ந்த டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அதில் போட்டிருக்கும் நேரம் உள்ளே நுழைய மட்டும்தான், நுழைந்தபின் மாலை வரை இருக்கலாம்.

காலை 8 மணிக்குத் திறப்பார்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும். அதனால் எட்டு மணி டிக்கெட் எடுங்க, முடியாவிட்டால் மூன்றரைக்கு மேல். இடைப்பட்ட நேரம் பெரியவர்களோடு வருபவர்களுக்குச் சரிப்படாது. மொத்தம் 32 ஹெக்டேர், அத்தையை முழுவதும் சுற்றவைக்க நினைக்காதீங்க. முதலில் பின்பக்கம் இருக்கும் காற்றாலைக்குப் போங்க. 1892-இல் குரோனிங்கனில் கட்டப்பட்டு 1957-இல் இங்கே வந்த ஆலை அது. மேலே ஏறினால் வயல்கள் தெரியும், ஆனால் படிகள் உண்டு. ஏற முடியாதவர்கள் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கால்வாயைப் பார்க்கலாம். பிறகு ஏரிக்கரை, கடைசியில் பேயாட்ரிக்ஸ் மண்டபத்து ஆர்க்கிட். அத்தோடு போதும்.

டென் ஹாக்கிலிருந்து: சாப்பாடு?

கட்டிக்கொண்டு போகலாம். புளிசாதம் வசதி. ஏப்ரலில் ஒரே நாளில் வெயிலும் ஆலங்கட்டியும் வரும், காற்றில் குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் உதவும்.

டூசல்டார்ஃபிலிருந்து: டூலிப் வயலுக்குள் நின்று போட்டோ எடுக்க ஆசை. எடுக்கலாமா?

தயவுசெய்து இறங்காதீங்க. அது ஒருவரின் நிலம், அவருடைய பிழைப்பு. காலடியில் மண் இறுகும், செடி ஒடியும், செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோயும் அடுத்த வயலுக்குப் போகும். வரப்பு ஓரத்தில் நின்று கேமராவைப் பூ உயரத்துக்குத் தாழ்த்தினாலே நடுவில் நிற்பதுபோல் வரும். வாசலருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். காற்றாலைப் பக்கமிருந்து சத்தமில்லாத படகும் வயல்களுக்கிடையே போகும்.

இன்னொன்று. டூலிப் குளிரில் மூடும், வெயில் ஏற ஏற விரியும். சூடு பட்டால் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்வதுதான் காரணம். கிண்ணம் போன்ற பூ வேண்டுமானால் காலையிலும், உள்ளே இருக்கும் கறுப்பு மகரந்தப் பையும் இதழ்களின் அடியிலுள்ள நட்சத்திர வடிவக் கறையும் தெரியவேண்டுமானால் மதியத்திலும் எடுங்கள்.

உட்ரெக்டிலிருந்து: ஒரே பாத்தியில் எட்டு வாரம் எப்படிப் பூக்கிறது? பால்கனித் தொட்டியில் செய்யலாமா?

அடுக்கு நடவுதான் சூட்சுமம். 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம் உள்ள, அடியில் துளையிட்ட தொட்டி எடுங்க. அடியில் சரளை 3 செ.மீ., மேலே மணல் கலந்த மண். சுமார் 20 செ.மீ. ஆழத்தில் பின்பருவ டூலிப் பத்து கிழங்கு, கூர்முனை மேலே பார்க்க வையுங்கள். மண் போட்டு, 14 செ.மீ. ஆழத்தில் ஹயசிந்த் ஐந்து. மறுபடி மண், 7 செ.மீ. ஆழத்தில் குரோக்கஸ் பதினைந்து. மேலடுக்கு முதலில் பூத்து ஓயும், கீழே உள்ளது அதன் இடுக்கு வழியாக வரும்.

நடவு அக்டோபர், நவம்பரில். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டால் கருணைக்கிழங்கு மாதிரி அரிக்கும், கையுறை போடுங்க. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், பலர் தோற்பது அங்கேதான். பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளுங்கள். இலை தானாக மஞ்சளாகும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், வெட்டக்கூடாது.

ஐந்தோவனிலிருந்து இன்னொருவர்: கோயம்புத்தூரில் அம்மாவுக்குக் கிழங்கு கொண்டுபோகலாமா மேடம்?

வேண்டாம். இந்தியாவுக்குக் கிழங்கு கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அதைவிடப் பெரிய தடை வெப்பம். தண்டு நீண்டு பூ விரிய 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழ் குளிர் தேவை. ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் பக்கத்திலேயே ஆப்பிளையும் வைத்துவிடுவார்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அப்படியே தப்பினாலும் கோவை வெயிலில் இலை மட்டும்தான் மிஞ்சும்.

அம்மாவுக்கு டூலிப் காட்டவேண்டுமானால் ஸ்ரீநகருக்குக் கூட்டிப்போங்க. தால் ஏரிக்கு மேலே, ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-இல் உருவாக்கிய தோட்டம், சுமார் 30 ஹெக்டேர். மார்ச் கடைசியில் போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள்.