பன்னீர் திராட்சை: கேள்வி பதில்

உசிலம்பட்டியிலிருந்து: மூணு வருசமா கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து கிடக்கு. ஒரு குலை இல்லையேண்ணே?

கவாத்து, அதாவது கிளை வெட்டு, பண்ணியிருக்க மாட்டீங்க. குளிர்நாட்டில் பனிக்கு இலை கொட்டிக் கொடி உறங்கும். பிறகு கண்கள் (தளிர்விடும் மொட்டுகள்) எல்லாம் சேர்ந்து விழிக்கும். நம்மூரில் பனி ஏது? கவாத்துக் கத்தரிதான் கொடிக்குக் குளிர்காலம். பென்சில் கனத்துக்குப் பழுப்பேறி முற்றிய கிளைகளை 4, 5 கண் விட்டு வெட்டுங்கள். அதைவிட மெலிந்ததை 1, 2 கண்ணோடு நிறுத்துங்கள்; அது அடுத்த போகத்துக்கு. கண்ணை ஒட்டி வெட்டாதீர்கள், வெட்டுவாய் காயும்போது கண்ணும் சேர்ந்து காய்ந்துபோகும். விரல்கடை மேலே வெட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் கவாத்து என்றால் ஏப்ரல், மேயில் அறுப்பு. மே, ஜூன் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். கம்பம் பள்ளத்தாக்கில் இப்படித்தான் இரண்டு வருசத்தில் ஐந்து போகம்கூட எடுக்கிறார்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: ஒரே குலையில் சில பழம் கோலிக்குண்டு, சில பழம் மிளகு. என்ன குறை?

பாதி பிறவிக்குணம், மஸ்கட் ஹாம்பர்க் (பன்னீர் திராட்சையின் ரகப் பெயர்) எங்கே வளர்ந்தாலும் இந்தப் பேச்சு உண்டு. மீதி, துத்தநாகமும் போரானும் போதாதது. 10 லிட்டர் தண்ணீருக்கு போரிக் அமிலம் 10 கிராம், துத்தநாக சல்பேட் 20 கிராம், யூரியா 100 கிராம். பூக்குமுன் ஒரு தடவை, 10 நாள் கழித்து ஒரு தடவை தெளியுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோ கலவை அடிச்சேன். இலையே கருகிருச்சு ஐயா.

சுண்ணாம்பு குறைந்திருக்கும். ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரியும். பழைய அரிவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு நிமிசம் முக்குங்கள். செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் வேண்டும். படியாதவரை சரி. அன்றைக்கே அடித்துத் தீர்க்கணும், மறுநாளுக்கு வைத்தால் பலனில்லை.

திருமங்கலத்திலிருந்து: இதில் ஒயின் நல்ல சிவப்பாக வருமா?

வராது. நிறம் தோலில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம், சதை வெளுப்பு. தோலோடு நொதிக்கவிட்டாலும் இளஞ்சிவப்பைத் தாண்டுவது அபூர்வம். இந்த ரகத்துக்கு மணம்தான் சொத்து, அது அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற மூதாதை ரகத்தின் வழி வந்தது. குலை அதிகம் விட்டாலும் யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் இருக்கிற நிறமும் போகும்.

மேலூரிலிருந்து: கவாத்துக்குப் பிறகு ஹைட்ரஜன் சயனமைடு தடவலாமா?

தடவலாம், கண்கள் ஒருசேர வெடிக்கும். கையுறை கட்டாயம். தடவுகிறவர் முந்தின நாளிலிருந்து, தடவி முடித்து ஒரு வாரம் வரை மது தொடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து மயக்கம் போட்டுவிடும். வேலைக்கு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.