காசிமேட்டு ஐஸும் கேதார்காந்தா பனியும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலையைப் பற்றியவை. விசிறி இல்லாமல் மார்கழியிலும் தூங்க முடியாத நம் பக்கத்திலிருந்து இத்தனை பேர் பனிமலைக்குக் கிளம்புகிறார்கள் என்பது எனக்கே புதிய செய்தி. மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள் ஜனவரியில் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவுக்குப் போகிறோம். அழைத்துப்போகிறவர்கள் அனுப்பிய பட்டியலில் 32 பொருள்கள். எல்லாம் வாங்கினால் இருபதாயிரம் தாண்டும்போல் இருக்கிறது. என்னிடம் இருப்பது எட்டாயிரம். எதை வாங்குவது, எதை விடுவது? (கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை)

பதில்: எட்டாயிரத்தில் முடியும். பட்டியலைக் கடைக்கு எடுத்துப்போகும் முன், அனுப்பியவர்களிடமே "இதில் நீங்கள் தருவது எது?" என்று எழுத்தில் கேளுங்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் பாய், பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்குக் கீழே மாட்டும் இரும்புப் பல் ஆகியவற்றை வழக்கமாக அவர்களே தருவார்கள். கட்டணத்தில் அதுவும் அடங்கியிருக்கும்போது இன்னொரு முறை ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கனத்த ஜாக்கெட்டையும் பெரிய முதுகுப்பையையும் ஊன்றுகோலையும் வாடகைக்கு எடுங்கள். ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே வாடகைக் கடைகள் இருக்கின்றன. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். மைனஸ் பத்துக்கென்று தைத்த ஜாக்கெட்டைத் திரும்பிவந்த பிறகு கொருக்குப்பேட்டையில் எந்த நாளில் போடுவீர்கள்? வாடகைக்கு எடுக்கும்போது ஜிப்பை இரண்டு முறை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துவையுங்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பது அந்தப் போட்டோவில்தான் இருக்கிறது.

உங்கள் பணம் போக வேண்டியது தோலைத் தொடும் பொருள்களுக்கு: ஷூ, சாக்ஸ், உள்ளே போடும் தெர்மல், கையுறை, காதை மூடும் குல்லா. இவற்றை வாடகைக்கு எடுக்கவும் கூடாது, மலிவைப் பார்த்து ஏமாறவும் கூடாது.

தெர்மல் வாங்க எம்.சி. ரோட்டுக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். போங்கள், ஆனால் கழுத்துப்பட்டியின் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கடைகளில் தெர்மல் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பருத்தி கூடுதலாகக் கலந்தவையும் உண்டு. ஊட்டி பஸ்ஸில் உட்கார்ந்து போக அது போதும், மலை ஏற உதவாது. ஏறும்போது மைனஸ் ஐந்திலும் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துத் தேக்கிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஏற்றத்தில் நனைந்த பனியன் நீங்கள் நின்ற அடுத்த நிமிடமே உங்கள் சூட்டை வெளியே கொண்டுபோகும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி என்று எழுதியிருப்பதையே எடுங்கள். இதே காரணத்துக்காக ஜீன்ஸையும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

தெர்மலுக்கு மேலே கம்பளியோ, ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியோ ஒன்று வேண்டும். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அப்பாவின் பழைய கம்பளி ஸ்வெட்டர் போதும். இல்லையென்றால், குளிர்காலத்தில் திபெத்தியர்கள் நடைபாதையில் விரித்து விற்கிறார்களே, அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மெல்லிய மேலுறை. கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்" என்றால் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தையல்களின் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லையென்றால், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி போட்ட ஓட்டை வழியே தண்ணீர் வரும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் கனத்த சாக்ஸையே கடைக்கும் போட்டுக்கொண்டு போங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடித்தால் மூன்றாம் நாள் நகம் கறுத்துவிடும், அதனால் அரை அளவு கூடுதலாக இருக்கட்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, முதுகில் ஆறேழு கிலோ போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் தினமும் ஏறி இறங்குங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கொப்புளம் வருவதானால் இங்கேயே வந்து ஆறிவிடும்.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தில் பதினைந்து வருடமாக ஐஸ் உடைக்கிறேன். குளிர் எனக்குப் பழக்கம். மச்சானுடன் மணாலிப் பக்கம் போகிறேன். கையுறைக்கே ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எனக்கு அது தேவையா? (காசிமேடு)

பதில்: தேவை அண்ணே. ஐஸைத் தொட்ட கையை எடுத்தவுடன் உங்களைச் சுற்றி முப்பது டிகிரிக் காற்று இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் விரல் தெளிந்துவிடும். அங்கே கையை எடுத்தாலும் ஐஸுக்குள்ளேயேதான் இருக்கும். விடியற்காலையில் படகில் நனைந்த சட்டையோடு வாடைக்காற்றில் நின்றிருப்பீர்கள். அந்த நடுக்கத்துக்குக் காரணம் வெயில் இல்லாதது அல்ல, ஈரமும் காற்றும் சேர்ந்தது. மலையில் அதே கூட்டணிதான், இன்னும் முப்பது டிகிரி கீழே.

ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. மெல்லிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, அதன் மேல் தளர்வாக மாட்ட, தண்ணீர் புகாத பெரிய கையுறை ஒரு ஜோடி. உள்ளே போடுவது நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். இறுக்கமான ஒரே கையுறையைவிட இது நல்லது, விரலைச் சுற்றி நிற்கும் காற்றுதான் சூடு காக்கிறது. ஐஸ் அள்ளும் ரப்பர் கையுறையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். உள்ளே வியர்த்து நனைந்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் "மைனஸ் 10 டிகிரி" என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். வந்த பொருளின் லேபிளில் மூன்று எண்கள் இருக்கின்றன: 2, மைனஸ் 3, மைனஸ் 10. திருப்பி அனுப்பக் கேட்டால், மைனஸ் 10 என்று லேபிளிலும் இருக்கிறதே என்கிறார்கள். நான் ஏமாந்தேனா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: எண் பொய்யில்லை. அதைத் தனியாகப் பிடுங்கி விளம்பரத்தில் பெரிதாகப் போட்டதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஐரோப்பியத் தரமுறைப்படி சோதித்த பைகளில் மூன்று அளவுகள் போடுவார்கள். முதல் எண் சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப்போட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் தள்ளக்கூடிய குளிர். மூன்றாவது தூங்குவதற்கான எண்ணே அல்ல. ஆறு மணி நேரம் உயிர் தப்பலாம், அதிலும் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு என்று பொருள். அதாவது உங்கள் பை 2 டிகிரிப் பை. வாங்கும்போது எப்போதும் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். சென்னை உடம்புக்கு அதோடு ஐந்து டிகிரி கூட்டிக்கொள்வது என் வழக்கம். மூன்று எண்ணும் இல்லாமல் ஒரே எண் மட்டும் இருக்கும் பையை நான் தொடவே மாட்டேன்.

இனி பணம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆகவே சண்டை முழுவதும் விளம்பரத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. "மைனஸ் 10இல் சுகமாகத் தூங்கலாம்" என்ற பொருளில் ஏதாவது வாசகமோ படமோ இருந்தால் உங்கள் பக்கம் பலமானது. வெறும் எண் மட்டும் என்றால் வாதாடலாம், சற்று இழுக்கும். எப்படியானாலும் அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கலாம். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அதுவரை பையைப் பயன்படுத்தாதீர்கள், அட்டையைக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் ஏழு வருடம் முன்பு வாங்கி இரண்டே முறை போட்ட மலையேற்ற ஷூ பரணில் இருந்தது. புத்தம் புதிதாகத் தெரிந்தது. போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன், அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கா? (ராயபுரம்)

பதில்: அசல் சரக்குக்கும் இதுதான் கதி. எனக்கும் நேர்ந்திருக்கிறது, தெருமுனையில் அல்ல, ஒரு மலைச்சரிவின் நட்டநடுவில். மிச்ச தூரத்தைப் பிளாஸ்டிக் கயிற்றால் ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உங்களுக்கு வீட்டு வாசலிலேயே தெரிந்தது அதிர்ஷ்டம்.

பல மலையேற்ற ஷூக்களில் பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் பாலியூரிதேன் என்ற மெத்தென்ற அடுக்கு இருக்கும். காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அதன் வேதிப் பிணைப்புகளை வருடக் கணக்கில் மெல்ல அறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓட்டுக்கோ தளத்துக்கோ கீழே உள்ள பரண் என்றால் சொல்லவே வேண்டாம். போடாமல் வைத்திருந்தாலும் காப்பாற்ற முடியாது. நடக்கும் ஷூவில் அந்த அடுக்கு அழுந்தி அழுந்தி ஈரத்தை வெளியேற்றும் என்றும், அதனால் சற்றுக் கூடுதலாக உழைக்கும் என்றும் சொல்வார்கள்.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. "பழைய ஸ்டாக், பாதி விலை" என்று பெட்டியோடு நீட்டப்படும் மலையேற்ற ஷூவில் தயாரித்த மாதமும் வருடமும் எங்கே என்று கேளுங்கள். பெட்டி லேபிளில் இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் கடந்திருந்தால் பாதி விலையும் அதிகம். பெரியமேடோ பர்மா பஜாரோ, எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். ஏழு வருடத்துக்கு அது பொருந்தாது என்பதை அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கையும் அதன் சிறு பைக்குள் திணித்து வைக்காதீர்கள், உள்ளே அடைத்திருப்பது நசுங்கிச் சூடு காக்கும் திறன் போய்விடும். பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். கூடாரத்தைக் காயாமல் மடித்தால் உள்பூச்சு பிசுபிசுத்து நாறும். எதையும் பரணில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

கேள்வி: குரங்கணிப் பக்கம் "பர்மிட் தேவையில்லை, ஆளுக்கு ஆயிரத்து இருநூறு" என்று நண்பர் குழுவில் ஒரு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா? (வியாசர்பாடி)

பதில்: போகாதீர்கள். 2018 மார்ச்சில் அந்த மலையில்தான் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அனுமதியில்லாமல் வனத்துக்குள் போனால் அபராதம் மட்டுமல்ல, எதாவது நேர்ந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே யாருக்கும் தெரியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், வழிகாட்டியும் உடன் வருவார். கொருக்குப்பேட்டை மாணவியும் பனிக்கு முன் இதில் ஒன்றை ஏறிப் பார்க்கலாம்.

கேள்வி: மலையில் மூச்சுத் திணறும் என்று ஆக்சிஜன் கேன் இரண்டு வாங்கச் சொல்கிறார்கள். (தண்டையார்பேட்டை)

பதில்: கேனில் பத்து லிட்டர் என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கணக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உயரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறாமல் நிற்பது, கூடினால் கீழே இறங்குவது, இதுதான் மருந்து. இந்த உயரக் கோளாறுக்குத் தரும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறோம். கையடக்க கேஸ் அடுப்பும் இரண்டு கேஸ் டப்பாவும் எடுத்துப்போகலாமா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

பதில்: நீங்களே இப்படிக் கேட்கலாமா ஐயா? ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. விமானத்திலும் விடமாட்டார்கள். அடுப்பை மட்டும் எடுத்துப்போய், டப்பாவை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது பியூட்டேன் மட்டும் உள்ளதா, புரோப்பேன் கலந்ததா என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாகாது, டப்பா நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கலந்ததே கிடைக்கவில்லையென்றால், இரவில் டப்பாவைத் துணியில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் காப்பிக்கு எரியும்.