மாமியார் தந்த ஈயச் சொம்பு

கேள்வி: என் மாமியார் அவருடைய பழைய ஈயச் சொம்பை எனக்குக் கொடுத்திருக்கிறார். ஈயம் விஷம், அதில் சமைக்காதே என்கிறான் மகன். யார் சொல்வது சரி? அடுப்பில் உருகாமல் எப்படி வைப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருவருமே சரிதான். ஈயம் என்ற பெயரில் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். உங்கள் மகன் பயப்படுவது காரீயத்துக்கு. அது கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து ரசத்தில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எனவே, எதுவென்று தெரியும்வரை அதில் ரசம் வைக்காதீர்கள்.

என் அம்மாவின் சொம்பை நான் இப்படித்தான் பார்த்தேன். எடை 600 கிராம். ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, தட்டில் வைத்து, சொம்பைச் சாய்த்து உள்ளே காற்று நிற்காமல் முழுக்க அமிழ்த்தினேன். தட்டில் வழிந்த தண்ணீர் 82 கிராம். 600-ஐ 82-ஆல் வகுத்தால் 7.3, வெள்ளீயத்தின் கணக்கு அதுதான். காரீயமென்றால் 11-க்கு மேல் வரும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. பழைய சொம்பு என்பதால், உலோகப் பரிசோதனைக் கூடத்திலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் விலை மலிவாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், அடுப்பு விஷயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டியே நிற்கும், சொம்பும் பிழைக்கும். கல்யாணமான புதிதில் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். அவ்வளவுதான், அடி குழைந்து இறங்கி, பர்னரைச் சுற்றி வெள்ளிக் குண்டுமணிகளாக உருண்டு கிடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் அடுப்பு. தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக் கூடாது. ரசம் நுரைத்து மேலே வந்ததும் இறக்கிவிடுங்கள். தாளிப்பதைத் தனியாக இரும்புக் கரண்டியில் செய்து மேலே கொட்டுங்கள். காய்ந்த நெய் தண்ணீரைப் போல 100-ல் நிற்காது. கம்பி நாரால் தேய்க்காதீர்கள், துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஒடுக்கு விழுந்தால் நீங்களே தட்டாமல், ஈயப் பாத்திரம் செய்கிறவரிடம் கொடுங்கள்.