வாசகர் கேள்வி: ஜெபாலயத்தில் தீயணைப்பு வண்டியா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். பவேரியாவில் இஷன்ஹௌசன் என்ற ஊரில் பழைய யூத ஜெபாலயம் பார்த்தோம். போருக்குப் பிறகு பல வருடம் தீயணைப்பு நிலையமாக இருந்ததாம். கும்பிட்ட இடத்தை இப்படியாக்க எப்படி மனசு வந்தது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. 1938 நவம்பரில் ஹிட்லரின் நாஜிகள் வைத்த தீயில் ஜெர்மனியெங்கும் ஜெபாலயங்கள் எரிந்தபோது, பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் தீயணைப்புப் படைக்கு உத்தரவு. பல ஊர்களில் கண்ணெதிரே எரியவிட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு ஜெபாலயத்துக்குள்ளேயே தீயணைப்பு வண்டியை நிறுத்தினார்கள் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

தப்பிய கட்டடங்களும் பெரும்பாலும் யாருடைய இரக்கத்தாலும் தப்பவில்லை. ஒட்டி வீடுகள் இருந்தால் கொளுத்தப் பயந்தார்கள். ஆக்ஸ்பர்கில் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் இருந்ததால் வைத்த தீயை அணைத்தார்கள். இஷன்ஹௌசனில் உள்ளே அடித்து நொறுக்கியதோடு விட்டார்கள்.

போர் முடிந்தபோது கட்டடம் இருந்தது, கும்பிட ஆளில்லை. மேற்கு ஜெர்மனியில், உரிமை கோர ஆளில்லாத யூதச் சொத்துகளுக்கு வாரிசாக நின்ற யூத அமைப்புகள் இவற்றைச் சட்டப்படி மீட்டன. ஆனால் யாருமே திரும்பாத கிராமத்தில் வைத்து என்ன செய்வது? விற்றார்கள். தானியக் கிடங்கு, பட்டறை, சினிமா கொட்டகை, குடியிருப்பு என்று ஆகிப்போயின.

விற்பதை யூத மரபும் அடியோடு தடுக்கவில்லை. அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், குளியல் கூடம், தோல் பதனிடும் இடம் போன்றவற்றுக்கு மட்டும் விற்கக் கூடாது என்று ஒரு கருத்து வருகிறது. ஆனால் ஜெபாலயம் இடிந்து கிடந்தாலும் அதன் புனிதம் போகாது. குறுக்கு வழியாகக்கூட அதற்குள் நடக்கக் கூடாது. முளைத்த புல்லைப் பிடுங்காதே, பார்ப்பவர் மனம் வருந்தட்டும் என்கிறது மிஷ்னா.

வருந்தவே விடாமல் செய்ததுதான் எஸ்ஸன் நகரில் நடந்தது. 1913-ல் கட்டிய பிரம்மாண்டமான கல் ஜெபாலயம் அது. 1938-ல் உள்ளே எரிந்தும் சுவர்கள் நின்றன. 1961-ல் அதைத் தொழில் வடிவமைப்புக் கண்காட்சி ஆக்கினார்கள். யூதர்களின் வேதமான தோராவின் சுருள்கள் இருந்த மாடத்தை அகற்றி, குவிமாடம் தெரியாதபடி கூரையைத் தாழ்த்தி, வீட்டு உபயோகப் பொருட்களை அடுக்கினார்கள். கிராமத்துக்காரர் ஏழ்மையில் வைக்கோல் போட்டதை மன்னித்துவிடலாம். ஒரு பெருநகரம் யோசித்து, திட்டம் போட்டுச் செய்ததை முடியாது. 1979-ல் அங்கே தீப்பிடித்த பிறகுதான், 1980-ல் நினைவிடமாக்கினார்கள். 2010 முதல் அது யூதப் பண்பாட்டு இல்லம். நீங்கள் பார்த்த ஜெபாலயமும் 1987-ல் சீரமைக்கப்பட்டதுதான்.

முடிந்தால் எர்ஃபுர்ட் நகருக்கும் போய் வாருங்கள். அங்கே 1349-ல் யூதர்களைக் கொன்றொழித்த பிறகு ஜெபாலயம் கிடங்காகி, பின்னாளில் நடனக் கூடத்தோடு கூடிய உணவு விடுதியானது. அதனாலேயே நாஜிகளின் கண்ணில் படவில்லை. 2009-ல் அருங்காட்சியகமாகத் திறந்தவர்கள் நடனக் கூடத்துச் சுவர் வண்ணங்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். மாடிக்குப் போய்ப் பாருங்கள்.