மெடிக்கலில் வாங்குற வலி மாத்திரைக்குப் பதிலா இயற்கையா என்ன இருக்கு?

"முட்டி வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு பயமா இருக்கு, பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. வலி உங்களுக்கு இல்ல, வீட்ல பெரியவங்க யாருக்கோன்னு நினைக்கிறேன். அந்த 'பக்கவிளைவே இல்லாத' என்கிற வார்த்தைதான் என்னை எழுத உட்கார வெச்சது.

எங்கம்மா வேலூர் பக்கம் குடியாத்தத்துல பீடி சுத்துனவங்க. மடியில முறம், ஒரு கால் மடக்கி, தலை குனிஞ்சா விளக்கு வைக்கிற வரைக்கும் நிமிர மாட்டாங்க. ஆயிரம் பீடி கட்டினாத்தான் கூலி முழுசா வரும், அதனால எழுந்து தண்ணி குடிக்கவும் மனசு வராது. சாயங்காலம் முட்டி பிடிச்சுக்கும். தெருமுனை மெடிக்கல்ல 'ஒரு செட்டு' வாங்கியாரச் சொல்லுவாங்க. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது தெரியும்: அட்டையில இருந்து கத்தரிச்சு, பேர் தெரியாத மாத்திரை நாலஞ்சைக் காகிதத்துல மடிச்சுக் குடுப்பாங்க. வேலூர் வெயில் நாப்பது டிகிரியைத் தாண்டுற மாசத்துல, தண்ணி இல்லாத உடம்புக்குள்ள டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போனா அடி வாங்குறது கிட்னி. வெறும் வயித்துல போட்டா புண்ணு தனி. இதே டைக்ளோஃபினாக் போட்டிருந்த மாடு செத்தப்புறம், அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி கெட்டுக் கூட்டம் கூட்டமா அழிஞ்சதாலதான் 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. மனுஷனுக்கு அப்படியே ஆகும்னு சொல்ல வரல. உங்க பயம் நியாயமானதுங்கறேன், அவ்வளவுதான்.

இப்போ 'இயற்கை'க்கு வர்றேன். மாட்டுச் சந்தைக்குப் போன மாமா ஒருத்தர் அம்மாவுக்கு ஒரு டப்பா சூரணம் வாங்கியாந்தாரு. லேபிள் கிடையாது, லைசென்ஸ் நம்பர் கிடையாது. நான் அப்பவே வேணாம்னேன். "இன்னாம்மா நீ, பச்சிலைதான, இன்னா பண்ணிடப் போவுது"ன்னாரு. சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு மூணு நாள்ல வலி போச்சு. அம்மா குந்தி உக்காந்து கோலம் போட்டாங்க. பசி எடுத்து நல்லா சாப்பிட்டாங்க. கொஞ்ச நாள்ல முகம் பந்து மாதிரி உப்பிச்சு, சுகர் தாறுமாறா ஏறிச்சு. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நாட்டு மருந்து எதாச்சும் சாப்பிடுறீங்களா?" இந்த மாதிரிப் பொடியில ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுக் கலக்குறது உண்டாம். அது வலியைச் சட்டுனு அமுக்கும், ஆனா முகத்தை உப்ப வைக்கும், சுகரை ஏத்தும். எங்க டப்பாவை லேபுக்கு அனுப்பல, அதனால அதுல இருந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்லல.

சித்தாவுக்கு எதிரின்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. அரசு ஆஸ்பத்திரியிலயே சித்தா பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் இருக்காங்க, அங்க போங்க. நான் சொல்றது பேர் இல்லாத டப்பாவை.

அந்த மாமா பத்தி இன்னொண்ணு. நான் இப்போ சத்துவாச்சாரியில இருக்கேன். வேலூர்ல வீடு இருந்தா அது வீடு இல்லீங்க, சத்திரம். "சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தோம்மா"ன்னு பையோட வந்து நிப்பாங்க. விடியக்காலம் எழுந்து கூடப் போகணும், வரிசையில நிக்கணும், வந்து சமைக்கணும். ஊருக்குப் போனதும் போன் கூட வராது. தனக்கு ஹெர்னியா (குடல் இறக்கம்)ன்னதும் மாமா சூரணத்தை நம்பல, நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு! சரி, விடுங்க.

அம்மாவுக்கு உதவினது என்னன்னா, முதல்ல தரையை விட்டு எழுப்புனது. குட்டையான ஸ்டூல் போட்டோம். அப்புறம் நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டித் தூக்கிப் பிடிச்சு இறக்குற பயிற்சி. தொடைச் சதை பலமானா முட்டி மேல பாரம் குறையும். மூட்டுத் தேய்மானத்துக்கு எந்த எண்ணெயையும் விட இதுதான் பலன் தரும், ஆனா வாரக்கணக்குல பொறுமை வேணும். ராத்திரியில நொச்சித் தழையை விளக்கெண்ணெய்ல வதக்கித் துணியில கட்டி ஒத்தடம். தழை கிடைக்காத நாள்ல வறுத்த கல்லுப்பு. சுகர் இருக்கிறவங்களுக்குப் பாதத்துல சூடு உறைக்காமப் போகலாம், கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும், அதனால உங்க கையில வெச்சுப் பார்த்துட்டு வையுங்க. முடக்கத்தான் தோசை வாரம் ஒரு தரம் ஊத்துறோம். அதால வலி குறைஞ்சதான்னு கேட்டா சொல்லத் தெரியல, ருசியா இருக்கும். சமையல்ல போடுற மஞ்சள் வேற, அதையே காப்ஸ்யூல் கணக்கா விழுங்குறது வேற. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடக்கூடாது.

தாங்க முடியாத நாள்ல பாராசிட்டமால் போடச் சொல்லி டாக்டர் சொன்னாங்க, அம்மா போடுறாங்க. அதுக்கும் எல்லை உண்டு. உடம்பு நல்லா இருக்கிற, வயசு வந்த ஆளுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆயிடுது. சளி மாத்திரைக்குள்ளயும் அதே மருந்து ஒளிஞ்சிருக்கும், சேர்த்துக் கணக்குப் போடுங்க. மிஞ்சினா ஈரல் போயிடும்.

உங்க வீட்ல ஏற்கனவே மாசக்கணக்கா அந்த மாதிரிப் பொடி ஓடிட்டிருந்தா, இதைப் படிச்சுட்டு இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. உள்ள ஸ்டீராய்டு இருந்து திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாஞ்சிடலாம், படிப்படியாத்தான் குறைக்கணும். டப்பாவைக் கையோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.